மனு ஒன்று கோட்டைக்குப் போகிறது

பாராளுமன்றம் என்றதும் செய்தியில் கேட்கும் கூச்சல்தான் பலருக்கு ஞாபகம் வரும். உருப்படியான வேலையில் பெரும்பங்கு குழு அறைகளில்தான் நடக்கிறது.

பூவரசங்குளத்தில் ஒருவருடைய ஓய்வூதியம் அரச அலுவலகம் ஒன்றின் பிழையால் இழுபடுகிறது என்று வையுங்கள். கச்சேரிக்கு நடந்து நடந்து செருப்பும் தேய்ந்துவிட்டது. அவர் பாராளுமன்றத்துக்கே மனுக் கொடுக்கலாம், தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதை உறுப்பினர் ஒருவர்தான் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். சபையில் இருப்பவர்கள் 225 பேர்.

சமர்ப்பித்த மனு, பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். குழு சம்பந்தப்பட்ட அதிகாரிகளை ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்கு அழைத்து விளக்கம் கேட்கும். கடிதத்துக்குப் பதில் போடாத திணைக்களமும் அங்கே கோப்போடு போய் நிற்கவேண்டும்!

உறுப்பினரைத் தேடி அலைய முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவரிடமும் பாராளுமன்றம் ஊடாகவே போகவேண்டியிருந்தது. 1994இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நேரடியாகவே எழுதலாம்.

மனு எழுதும்போது பழைய கடிதங்களின் பிரதிகளையும் திகதி வாரியாக இணைத்துவிடுங்கள். மூலப்பிரதிகள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.