பழைய சாமானில் ஒரு பாப்பா அறை!

“அம்மா, எல்லாருக்கும் தனி ரூம் இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்லே?”

2023 மே மாத லீவில் ஒரு நாள், என் பெரியவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. அவளுக்கு அப்போது 6 வயது. “எல்லாரும்” என்பது எதிர் வீட்டுச் சிநேகிதி ஒருத்திதான். ஆனாலும் குழந்தை கேட்டுவிட்டாளே!

தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீடு. அதில் 9 அடிக்கு 8 அடியில் ஓர் அறை. பெயர்தான் அறை, உள்ளே இருந்ததெல்லாம் பழைய பேப்பர் கட்டு, உடைந்த ஃபேன், மாமியாரின் ட்ரங்குப் பெட்டி, யாரும் தொடாத அரிசி டின். அதைக் காலி செய்து பிள்ளைகள் அறையாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெரியவளுக்கு ஒரு கட்டில், படிக்க மேஜை. ஒன்றரை வயதுச் சின்னவனுக்கும் ஓரமாக ஒரு சின்னக் கட்டில்.

“எவ்வளவு ஆகும்?” என்றார் இவர்.

“எட்டாயிரத்துக்குள்ளே முடிச்சுக் காட்டறேன், பாருங்க!” என்று சவால் விட்டேன். கடையில் குழந்தைகள் கட்டில் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு வந்திருந்த மனுஷர், சிரித்துக்கொண்டே பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

சகோதரிகளே, சவாலில் நான் ஜெயித்தேன். ஆனால் நடுவில் தெரியாத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டு, இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் கட்டில்

எங்கள் தெருவில் வீடு காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் குழந்தைக் கட்டில் ஒன்று கிடைத்தது. நாலு பக்கமும் கம்பி வைத்தது. அவர்கள் பிள்ளைகள் படுத்தது. இருபது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்ததாம். மரம் கல்லு மாதிரி இருந்தது. பளீரென்ற மஞ்சள் பெயிண்ட். அங்கங்கே உரிந்து, அடியில் பச்சை தெரிந்தது. 1,200 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். எனக்கு ஒரே பெருமை!

மறுநாளே கூடத்தில் பேப்பரை விரித்து, கட்டிலைப் படுக்கப் போட்டு, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். மூன்று நாள், மத்தியானம் மத்தியானம் அதே வேலை. புழுக்கம் தாங்காமல் ஃபேனையும் போட்டுக்கொண்டேன். மஞ்சள் தூள் கூடமெங்கும் பறந்தது. துடைப்பத்தால் கூட்டினேன். சின்னவன் தவழ்ந்து வருவான், கட்டில் கம்பியைப் பிடித்து நிற்பான், அதிலேயே வாயை வைத்து நறநறவென்று கடிப்பான். பல் முளைக்கிற வயசு. “பாரேன், அவன் கட்டில்னு இப்பவே தெரியுது!” என்று நானே ரசித்தேன்.

அந்தத் திங்கட்கிழமை அவனுக்குத் தடுப்பூசி நாள். குழந்தை டாக்டர் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“நகத்துக்குள்ளே என்னம்மா இது, மஞ்சளா?”

பெருமையாகச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“எத்தனை வருஷத்துப் பெயிண்ட்?”

“இருபது வருஷத்துக்கு மேலே இருக்கும் டாக்டர்.”

“உடனே நிறுத்துங்க. ரெண்டு குழந்தைக்கும் ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு பார்த்துடுவோம்.”

எனக்குக் கை கால் எல்லாம் விலவிலத்துப் போயிற்று.

பெயிண்டுக்குள் ஈயமா?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதன்பிறகு நானும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கதவு, ஜன்னல், கட்டிலுக்கெல்லாம் அடிக்கிற எண்ணெய்ப் பெயிண்டு, அதாவது எனாமல், அந்த நாளில் ஈயம் கலந்தே வரும். நிறம் பளிச்சென்று இருக்க, சீக்கிரம் காய, நாள்பட உழைக்க என்று சேர்ப்பார்களாம். அதிலும் மஞ்சள், சிவப்பு போன்ற பளீர் நிறங்களில் அதிகம் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள். 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பெயிண்டு கெட்டியாக ஒட்டிக்கொண்டு, யாரும் கடிக்காமல் இருக்கிறவரை பெரிய ஆபத்தில்லை. உரிந்தால்தான் வினை, உலர உலரத் தேய்த்தால் இன்னும் வினை. மாவு மாதிரித் தூளாகித் தரையில் படியும். தவழுகிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்காமல் இருக்குமா? பெரியவர்கள் உடம்பை விடக் குழந்தையின் உடம்பு, வயிற்றுக்குள் போன ஈயத்தை நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜுரம் வராது, வாந்தி வராது. சத்தமில்லாமல் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் கவனம் சிதறும், புத்திக் கூர்மை மங்கும். அப்படி வந்த பாதிப்பைத் திரும்பச் சரிசெய்வது கஷ்டம். “இவ்வளவு வரைக்கும் இருந்தால் பரவாயில்லை” என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாதாம்.

முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு ராத்திரியும் சின்னவன் தூங்குகிற முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாயிரம் ரூபாய்ச் சவாலுக்காகவா இப்படிச் செய்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

பெரியவளுக்கு 3-க்கும் கீழே. சின்னவனுக்கு 4.1. (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கு. 5-ஐத் தொட்டால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் வருஷ வழிகாட்டுதல்.)

“தப்பிச்சான்னு நினைச்சுக்கோங்க. ஆனா இதுவும் இருக்கக் கூடாததுதான். மருந்து தேவையில்லை. வீட்டைச் சுத்தம் பண்ணுங்க. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்துக் குறையாமப் பார்த்துக்கோங்க. அது குறைஞ்சா உடம்பு ஈயத்தை இன்னும் இழுக்கும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்” என்றார் டாக்டர். அன்று முதல் முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் கஞ்சியும் எங்கள் வீட்டில் நிரந்தரமாகிவிட்டன.

கட்டிலுக்கு விடை

பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் இவரும் முகமூடி கட்டிக்கொண்டு இறங்கினோம். துடைப்பம் தொடவில்லை. சோப்புத் தண்ணீரில் பழந்துணியை நனைத்துத் தரை, சுவர், ஜன்னல் விளிம்பு எல்லாம் துடைத்தோம். துணியை அலசித் திரும்ப உபயோகிக்காமல் அப்படியே கட்டிப் போட்டோம். மறுபடி நல்ல தண்ணீரில் இரண்டு தடவை. ஃபேன் இறக்கைகளையும் விடவில்லை. தேய்க்கும்போது நான் கட்டியிருந்த புடவையைத் தனியே துவைத்தேன்.

கட்டிலை என்ன செய்வது? “வெந்நீர் அடுப்புக்கு ஆகட்டுமே” என்றார் மாமியார். “ஐயோ அத்தை, வேண்டாம்! எரிச்சா ஈயம் புகையிலேயும் சாம்பலிலேயும் வரும்” என்றேன். காயலான் கடையில் போட்டால் இருநூறு, முந்நூறு வரும். ஆனால் அங்கிருந்து இன்னொரு வீட்டுக் குழந்தைக்குத்தானே போகும்? மனசு கேட்கவில்லை. பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிக் கட்டி, குப்பை எடுக்க வருகிறவரிடம் விஷயத்தைச் சொல்லித் தனியாகக் கொடுத்தேன். 1,200 ரூபாய் போனது போனதுதான்.

சந்தைக்குப் போனோம்

பழசே வேண்டாம் என்று ஓடிவிடவில்லை. பார்த்து வாங்கத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தை, எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பொக்கிஷம். செடியிலிருந்து பழைய நாற்காலி வரை எல்லாம் கிடைக்கும். காலையிலேயே போய்விட வேண்டும். பேரம் பேசக் கூச்சப்படக் கூடாது.

*கட்டில்:* பெயிண்டே படாத பழைய நாடாக் கட்டில் சட்டம், 900 ரூபாய். தட்டிப் பார்த்தேன், ‘டொக்’கென்று கெட்டிச் சத்தம். சின்னச் சின்ன ஓட்டையும், அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுத்த மரம், வீட்டுக்குள் விடாதீர்கள். மூட்டைப் பூச்சிக்கு வெயில் மட்டும் போதாது. அது இடுக்கில் ஒளிந்துகொள்ளும். கொதிக்கிற வெந்நீரை மூலை முடுக்கெல்லாம் ஊற்றி, பிறகு இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். புது நாடாவும் பின்னுகூலியும் 1,100. நாடா பின்னுகிறவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள். சட்டம் விற்றவரே ஒரு பெரியவரைக் கைகாட்டினார். அவர் பின்னப் பின்னப் பெரியவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

*மேஜை:* பழைய கால் மிதி தையல் மெஷினின் இரும்பு ஸ்டாண்டு, 700. மேலே பலகை, 600. சக்கரத்தையும் பெல்ட்டையும் கழற்றி, மிதியை அசையாமல் கட்டிவிட்டேன். இல்லாவிட்டால் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் பழைய பெயிண்டு உரியாமல் இருந்ததால் சுரண்டவே இல்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்து, மேலேயே ப்ரைமரும் புதுப் பெயிண்டும் அடித்தேன்.

*அலமாரி:* பழக்கடையில் வாங்கிய மூன்று மரப்பெட்டிகள், ஒன்று நூறு ரூபாய் வீதம் 300. நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைப் பிடுங்கி, சிம்பு குத்தாமல் தேய்த்தேன். இது பெயிண்டு இல்லாத மரம். ஆனாலும் மொட்டை மாடியில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், முகமூடியோடு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆசாரியைக் கூப்பிட்டுச் சுவரோடு எல்-கிளாம்ப் போட்டு முடுக்கினேன். பிள்ளைகள் அலமாரியை ஏணியாக்கிக்கொள்வார்கள். அது மேலே சாய்ந்தால் என்ன ஆகும்? கூலியும் ஸ்க்ரூவும் 750.

*பொம்மைப் பெட்டி:* மாமியாரின் ட்ரங்குப் பெட்டி, கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது. நாதாங்கியைக் கழற்றிவிட்டேன். விளிம்பில் சின்ன மரக்கட்டைகளை ஒட்டினேன். மூடி முழுசாக மூடாது. ஒளிந்து விளையாடுகிற பிள்ளை உள்ளே உட்கார்ந்துகொண்டாலும் காற்று வரும், விரலும் நசுங்காது.

*சுவர்:* இளம்பச்சை. கீழே மூன்றடி உயரத்துக்குக் கரும்பலகைப் பெயிண்டு. “எங்க பள்ளிக்கூடத்துல கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைச்சுப் பூசுவோம்” என்று மாமியார் கதை சொல்ல, பெரியவள் அங்கேயே ‘அ’ எழுதிவிட்டாள். பெயிண்டு வகை எல்லாம் சேர்த்து 1,900. டின்னில் ஈயம் 90 பங்குக்கு மிகாது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன்.

*திரையும் விரிப்பும்:* என் பாட்டியின் மதுரைச் சுங்குடிப் புடவை ஜன்னல் திரையானது. கயிறு வேண்டாம், வளையம்தான். தொங்குகிற கயிறு சின்னக் குழந்தையின் கழுத்துக்கு ஆபத்து. நைந்த வேஷ்டிகளை நாலு மடிப்பாக அடுக்கி, மேலே பழைய பருத்திப் புடவை போட்டு, ஓட்டுத் தையல் போட்டேன். மெத்து மெத்தென்று விரிப்பு தயார். செலவு, நூல்கண்டு மட்டும்.

வாங்கும் முன் நினைவிருக்கட்டும்

• பழைய பெயிண்டு அடித்த எந்தச் சாமானையும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், சூடுகாட்டி உரிக்காதீர்கள்.

• பெயிண்டு உரிந்திருந்தால், குழந்தைக்கு அந்தச் சாமான் வேண்டவே வேண்டாம். உரியாமல் இருந்தாலும், குழந்தை வாய் வைக்கும் கட்டில், பொம்மை போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

• கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வேலை நடக்கும் பக்கமே வரக் கூடாது.

• குழந்தைக் கட்டிலில் கம்பிக்குக் கம்பி 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

• கட்டிலை ஜன்னல் ஓரம் போடாதீர்கள்.

• சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கத்தை விடாமல் பழக்குங்கள்.

வீணாய்ப்போன மஞ்சள் கட்டிலையும் சேர்த்து மொத்தம் 7,450 ரூபாய். ரத்தப் பரிசோதனைச் செலவு தனி. அதை இந்தக் கணக்கில் எழுத மனம் வரவில்லை. என் அறியாமைக்கு நான் கட்டிய அபராதம் அது.

ஆடிப் பதினெட்டன்று சித்ரான்னம் கிளறி, அறைக்குக் குடிபுகுந்தாள் பெரியவள். ஆகஸ்ட் கடைசியில் சின்னவனுக்கு மறுபடி ரத்தம் பார்த்தோம். 2.2! அந்தத் தாளை மடித்து ட்ரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் கண்ணில் படட்டும்.

பெரியவளின் தனி ரூம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? முதல் ராத்திரி பத்து மணிக்குத் தலையணையைக் கட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து நின்றாள்.

“ரூம் நல்லாத்தான் இருக்கும்மா. நீயும் அங்கே வந்து படுத்துக்கயேன்!”

போய்ப் படுத்தேன். நாடாக் கட்டில் ‘கிறீச்’ என்றது. அந்தத் தூக்கம் இருக்கிறதே, மே மாதத்துக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.