வேலைக்குத் திரும்பும் முன் ஒரு சோதனை

ரயில்வேயில் பல லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். ரயில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தண்டவாளத்தைப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

நோய் வந்தால் இவர்கள் மருத்துவ விடுப்பு எடுக்கலாம். ஆனால் நோய் குணமானதும் நேராக வேலைக்குப் போக முடியாது. முதலில் ரயில்வே மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். உடம்பு தேறியிருந்தால் தகுதிச் சான்று தருவார். அதைக் காட்டித்தான் வேலையில் சேர வேண்டும். வெளி மருத்துவரிடம் வைத்தியம் பார்த்தவருக்கும் இதே விதிதான்.

எதற்காக இந்தச் சோதனை?

ரயில் ஓட்டுபவரின் கண் மங்கினால் என்ன ஆகும்? சிவப்பு விளக்கு எது, பச்சை விளக்கு எது என்று தெரியாது. ரயிலில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. தண்டவாளத்தில் வேலை செய்பவர் பாரம் தூக்க வேண்டும். ரயில் வரும் ஓசை அவர் காதில் விழ வேண்டும். காது கேட்காவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

எல்லா வேலைக்கும் ஒரே அளவு இல்லை. ரயில் ஓட்டுபவருக்குக் கண் சோதனை மிகக் கடுமையானது. அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அவ்வளவு கடுமை இல்லை.

தகுதி இல்லை என்று வந்தால்?

வேலை போய்விடுமோ என்ற பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தில் நோயை மறைப்பவர்களும் உண்டு. மயக்கம், வலிப்பு, கண் மங்கல் ஆகியவற்றை மறைக்கவே கூடாது.

தொழிலாளிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்படலாம். அதற்காக அரசு நிறுவனம் அவரை நீக்கக் கூடாது. பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் வேறு வேலை தர வேண்டும். சம்பள விகிதம் குறையக் கூடாது. ஏற்ற வேலை உடனே இல்லை என்றால் தனியாக ஒரு பதவி உண்டாக்கி, அதில் அவரை வைத்திருக்க வேண்டும். ஏற்ற வேலை கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு பெறும் வயது வரை அவர் அதில் இருக்கலாம்.

ஆகவே தொழிலாளி மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே படித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். வேலையை விடுவதாக யாராவது எழுதித் தரச் சொன்னால், உடனே கையெழுத்துப் போடக் கூடாது. முதலில் சங்கத்தில் கேட்க வேண்டும்.