ஏரியைக் காக்கும் செடிகளும் கெடுக்கும் செடிகளும்

ஏரி என்றதும் கரை, மதகு, கலங்கல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. நீரிலும் நீரோரத்திலும் வளரும் செடிகொடிகளைக் களை என்று பொதுவாக ஒதுக்கிவிடுகிறோம். ஆயின், அவற்றுள் ஏரியைக் காப்பவையும் உண்டு, கெடுப்பவையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் இன்றியமையாததாகும். இதற்குக் கொரட்டூர் ஏரியைச் சான்றாகக் கொள்வோம்.

அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரியை அடையும். அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்குச் செல்லும். முற்காலத்தில் இவை வயல்களுக்குப் பாசனம் அளித்தன. 1964ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. வயல்கள் மறைந்து வீடுகள் பெருகின. 2011இல் இப்பகுதி சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது.

நம் நாட்டு ஏரிகளில் செடிகள் ஓர் ஒழுங்குடன் அமைந்திருக்கும். கரையோரத்தில் சம்பும் கோரையும் வளரும். இவற்றின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றி, அலையினால் கரை அரிக்கப்படாமல் காக்கின்றன. ஓடிவரும் வண்டலையும் தடுக்கின்றன. சற்று உள்ளே அல்லியும் கொட்டியும் இலை பரப்பி நீருக்கு நிழல் தருகின்றன. நீருக்குள் வாழும் வேலம்பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடுகிறது. மீன்குஞ்சுகள் அதனிடையே ஒளிந்து வளர்கின்றன. நாமக்கோழி முதலிய பறவைகள் அதனை உண்கின்றன.

சாக்கடை நீர் கலக்கும்போது இவ்வொழுங்கு சிதைகிறது. கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. பயிருக்கு நன்மை செய்யும் இச்சத்துக்களே ஏரிக்குத் தீங்காகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை இவற்றை உண்டு கொழுத்து, ஏற்ற சூழ்நிலையில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இரு மடங்காகிவிடும். அது நீர்ப்பரப்பை மூடினால் அடியில் வெளிச்சம் புகாது; வேலம்பாசி மடியும்; பிராணவாயு குறைந்து மீன்கள் சாகும். அழுகிய செடிகள் அடியில் படிந்து ஏரியைத் தூர்த்துவிடும். கொரட்டூர் ஏரியிலும் மழைநீர்க் கால்வாய்களின் வழியே கழிவுநீர் கலந்தது. இதனைத் தடுக்குமாறு கோரி அவ்வூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாட நேர்ந்தது.

ஆகவே பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, ஊர்ச் சாக்கடையை வரத்துக்கால்வாயில் விடலாகாது. இதனைச் செய்யாமல் ஆகாயத்தாமரையை மட்டும் அகற்றுவது வீண் செலவு; அது மீண்டும் முளைக்கும். இரண்டாவது, அச்செடியைப் பூக்குமுன் வேருடன் அகற்ற வேண்டும்; அதன் விதை பல ஆண்டுகள் சேற்றில் உயிருடன் இருக்கும். அகற்றிய செடியைக் கரையிலேயே குவித்து வைத்தால் மழையில் திரும்ப ஏரிக்குள் சென்றுவிடும். மூன்றாவது, அதனை மக்கவைத்து எருவாக்கலாம். ஆயின், ஆலைக் கழிவு கலந்த நீரில் வளர்ந்த செடி நச்சு உலோகங்களை ஈர்த்திருக்கும். அதனை வயலில் இடலாகாது. நான்காவது, தூர்வாரும்போது கரையோரக் கோரையையும் சம்பையும் முற்றிலும் அழித்துவிடாமல், மதகுக்கும் கால்வாய்க்கும் இடையூறாக உள்ளவற்றை மட்டும் நீக்குதல் வேண்டும்.

கெட்ட ஏரியைத் திருத்துவதற்குப் பெரும்பொருளும் நெடுங்காலமும் வேண்டும். கெடாமல் காப்பதற்கோ ஊராரின் ஒற்றுமையும் விழிப்புமே முதல் தேவை. நகரம் நெருங்கிவரும் கிராமங்கள் கொரட்டூரின் அனுபவத்தைப் பாடமாகக் கொண்டு, இன்றே தத்தம் வரத்துக்கால்வாய்களைச் சென்று பார்வையிடுமாறு வேண்டுகிறோம்.