பாறை இடுக்கில் பனிமலைச் செடிகள்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 1,800 முதல் 2,300 மீட்டர் உயரத்திற்கு மேல் மரங்கள் வளர்வதில்லை. அதற்கும் மேலே, பாறை வெடிப்புகளிலும் சரளைச் சரிவுகளிலும் தரையோடு ஒட்டி வளரும் சிறு செடிகளை ஆல்பைன் செடிகள் என்பர். எடல்வைஸ், ஜென்ஷியன், சாக்சிஃப்ராகா, ஆண்ட்ரோசேஸ் ஆகியவை இவற்றுள் புகழ் பெற்றவை. உள்ளங்கை அகலமே உள்ள செடி, பூக்கும் காலத்தில் இலையே தெரியாத அளவுக்குப் பூக்கும்.

பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரி செல்சியஸ் குளிரைத் தாங்கும் இச்செடிகளைக் குளிர் குறைந்த சமவெளித் தோட்டங்களில் நட்டால், முதல் குளிர்காலத்திலேயே பல அழுகி மடிந்து விடுகின்றன. இதற்குக் காரணம் என்ன, பாறை இடுக்குத் தோட்டம் இதை எவ்வாறு தவிர்க்கிறது என்பதைப் பார்ப்போம்.

செடி மடிவது ஏன்?

மலை உச்சியில் குளிர்காலம் முழுவதும் வெண்பனி கனமான போர்வையாகச் செடிகளை மூடியிருக்கும். போர்வையின் அடியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். தண்ணீர் உறைந்திருப்பதால் செடியின் மேல் ஈரம் படுவதில்லை. செடி உலர்ந்த நிலையில் உறங்குகிறது. கோடையில் பனி உருகியதும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் தளிர்த்து, பூத்து, விதை முற்றி விடும்.

சமவெளியில் நிலைமை வேறு. இங்கிலாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் மழையும் ஈரமும் மாறி மாறி வருகின்றன. இலைகள் நெருங்கி மெத்தை போல் அமைந்த செடியின் உள்ளே ஈரம் தங்குகிறது. வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் பூசணம் பற்றி அழுகல் ஏற்படுகிறது. நீர் தேங்கிய நாற்றங்காலில் நாற்றுகள் கழுத்தில் அழுகிச் சாய்வதைக் கண்ட விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். ஆகவே குளிரைவிடக் கழுத்தில் தேங்கும் ஈரமே இச்செடிகளுக்குப் பெரும் எதிரி எனலாம்.

இடுக்கின் பயன்

பழைய முறைப் பாறைத் தோட்டத்தில் கற்களைப் படுக்க வைத்து, இடையே மண் நிரப்பிச் செடி நடுவர். இதனால் அகன்ற மண் பரப்பில் நீர் தேங்க இடமுண்டு. செக் நாட்டுத் தோட்ட ஆர்வலர்கள் பலகைக் கற்களை விளிம்பின் மேல் நிற்க வைத்து, வரிசையாக நெருக்கி அடுக்கும் முறையை 1980களிலிருந்து பரப்பினர். இவர்களுள் ஸ்டென்யெக் ஸ்வோலானெக் குறிப்பிடத்தக்கவர். இம்முறையில் மூன்று நன்மைகள் உண்டு.

1. மழைநீர் கல்லின் பக்கமாக விரைந்து கீழே இறங்குகிறது. செடியின் கழுத்து உலர்ந்தே இருக்கிறது.

2. குறுகிய இடுக்கில் பக்கவாட்டில் செல்ல இடமில்லாத வேர், ஆழமாக இறங்குகிறது. அங்கே கோடையிலும் குளிர்ச்சியும் ஈரமும் நீடிக்கின்றன.

3. மண் பரப்பு மெல்லிய கோடாக மட்டுமே வெளியே தெரிவதால் ஆவியாதல் குறைகிறது, களைகளுக்கும் இடமில்லை.

அமைக்கும் முறை

மர நிழலும் இலைச் சொட்டும் இல்லாத திறந்த இடம் தேவை. களிமண் நிலத்தில் குழி தோண்டக் கூடாது; குழி தொட்டி போல் நீரைத் தேக்கும். தரை மட்டத்திற்கு மேல் மேடு அமைப்பதே சிறந்தது. அடியில் உடைகல் பரப்பி, அதன் மேல் கலவை மண்ணைக் குவிக்க வேண்டும்.

பருமணலும் பொடிச் சரளையும் சேர்ந்து 3 பங்கு, இலை மக்கு அல்லது தோட்ட மண் 1 பங்கு என்ற விகிதம் ஏற்றது. தொழு உரம் இடக் கூடாது. வளமான மண்ணில் செடி கொழுத்துத் தளர்வாக வளர்ந்து, குளிர்காலத்தில் எளிதில் அழுகும். எடல்வைஸ் செடியோ தன் வெண்ணிறப் பஞ்சுத் தன்மையையும் கட்டான உருவத்தையும் இழந்து விடும்.

சுண்ணாம்புக்கல், மணற்கல், பலகைக் கல் ஆகிய எதையும் பயன்படுத்தலாம். ஒரு மேட்டிற்கு ஒரே வகைக் கல்லாக இருப்பது நலம். எல்லாக் கற்களும் ஒரே திசை நோக்கி நிற்க வேண்டும். கல்லின் பாதிக்கு மேற்பட்ட பகுதி மண்ணுள் புதைந்திருக்க வேண்டும். இரு கற்களுக்கு இடையே 1 முதல் 3 செ.மீ. இடைவெளி போதுமானது. இடுக்கில் வெற்றிடம் இல்லாதபடி கலவையைக் குச்சியால் இடித்து இறுக்கி, நீர் ஊற்றிப் படிய வைப்பது அவசியம். வெற்றிடத்தைச் சந்திக்கும் வேர் காய்ந்து விடும்.

நடவும் பராமரிப்பும்

இளஞ்செடிகளே இடுக்கிற்கு உகந்தவை. வசந்த காலத்திலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ நடலாம். தொட்டி மண் முழுவதையும் வேரிலிருந்து கழுவி நீக்கி விட வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் அம்மண் கட்டி அப்படியே இருந்தால், வேர் அதை விட்டு வெளியேறாது. வேரை இடுக்கில் நேராகத் தொங்கவிட்டு, கலவை நிரப்பி, சிறு கல்லை ஆப்பு போல் செருக வேண்டும். கழுத்தைச் சுற்றிப் பொடிக்கல்லை 2 செ.மீ. கனத்திற்குப் பரப்புவது நன்று.

திசை பார்த்து நடுவதும் முக்கியம். பால்கன் மலைகளின் ரமோண்டா செடிக்கு வடக்கு நோக்கிய நிழல் இடுக்கு ஏற்றது. மேற்கு வட அமெரிக்காவின் லூவிசியா செடியைச் செங்குத்துக் கல்லிடையே பக்கவாட்டில் நட்டால், இலைக் கொத்தின் நடுவில் நீர் நிற்காது.

முதல் ஆண்டு வறட்சிக் காலத்தில் நீர் விட வேண்டும். வேர் இறங்கிய பின் தேவை மிகக் குறையும். செடியின் நடுவில் விழும் சருகுகளை உடனே அகற்ற வேண்டும். மழை மிகுந்த இடங்களில் நுட்பமான செடிகளின் மேல் கண்ணாடித் தகடு ஒன்றைச் சாய்த்து, பக்கங்களைக் காற்றோட்டத்திற்குத் திறந்து வைப்பர்.

விதையே வழி

தோட்டத்தில் ஒரு செடி மடியும்போது மலையிலிருந்து இன்னொன்றைப் பிடுங்கி வரும் பழக்கம் முன்னர் பரவலாக இருந்தது. இதனால் எடல்வைஸ் அருகியதால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆல்ப்ஸ் நாடுகளில் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. மேலும், பாறையில் ஆழ இறங்கிய ஆணிவேர் தோண்டும்போது அறுந்து விடுவதால், பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. விதை மூலம் வளர்த்த கன்றே நிலைத்து நிற்கும். பலவற்றின் விதைக்குக் குளிர் பட்டால்தான் முளைப்புத் திறன் வரும் என்பதால், குளிர்காலத்தில் விதைத்த சட்டிகளை வெளியிலேயே விட்டு வைக்கின்றனர். வசந்தத்தில் அவை முளைக்கும்.

நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். ஆல்ப்ஸில் மரங்கள் நின்று விடும் உயரத்தைவிட இது அதிகம். ஆயினும் அங்கே மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் பனிப்போர்வையும், அதனடியில் செடிக்கு உலர்ந்த உறக்கமும் இல்லை. எனவே உயரத்தை மட்டும் பார்த்து இச்செடிகளை இங்கே வளர்க்க முயல்வது வீண் செலவாகும். ஆனால் நீர் தேங்காத மேடு, வளம் குறைந்த கலவை, உலர்ந்த கழுத்து, ஆழ்ந்த வேர் ஆகிய நான்கும், ஈரம் தாங்காத எந்தச் செடியை வளர்ப்போரும் மனத்தில் கொள்ளத் தக்கவை.