விற்க முடியாத வீடு

ரோம் நகரத்தின் சீலியன் குன்றில், கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு மாளிகை விலைக்கு வந்தது. வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் பேரரசர் ஹொனோரியஸின் மாமியார் செரீனாவிடம் பேசிப் பார்த்தார்கள். மேற்கு ரோமப் பேரரசையே ஆட்டிவைத்த தளபதி ஸ்டிலிக்கோவின் மனைவி அவர். உரிய விலையைக் கொடுக்கத் தன்னால் ஆகாது என்று அவரே கையை விரித்துவிட்டார்.

விற்க வந்தவர்கள் கடனில் மூழ்கியவர்கள் இல்லை. மெலானியாவுக்கு வயது இருபது. கணவர் பினியானுசுக்கு இருபத்துநான்கு. பினியானுசின் ஆண்டு வருமானம் மட்டும் 1,20,000 பொன் என்று எழுதுகிறார், பிற்காலத்தில் மெலானியாவுடன் வாழ்ந்த ஜெரோண்டியஸ் என்ற குருவானவர். மனைவியின் சொத்து இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்தப் பொன்னை அன்றைய சாலிடஸ் நாணயமாகக் கொண்டால், ஆண்டுக்கு அரை டன்னுக்கு மேல் தங்கம் வருகிறது. இத்தாலி, சிசிலி, ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, பிரிட்டன் என்று நிலங்கள் சிதறிக் கிடந்தன. அத்தனையையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நிலைவாழ்வுக்குக் காத்திருப்பதென்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள்.

அந்த முடிவுக்கு வேர் மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு ஒரு செல்வர் இயேசுவிடம் வருகிறார். இருப்பதை விற்று ஏழைகளுக்குக் கொடு, விண்ணகத்தில் உனக்குச் செல்வம் சேரும், பிறகு என்னோடு வா என்கிறார் இயேசு. வந்தவர் முகம் வாடித் திரும்பிப் போகிறார். ஊசிக் காதும் ஒட்டகமும் வருகிற புகழ்பெற்ற வாக்கு அதற்கு அடுத்தபடி வருகிறது. கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் இந்தப் பகுதி பணக்காரர்களைத் தூங்கவிடவில்லை. அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் இதற்கென்றே தனியாக ஒரு விளக்கம் எழுதினார். பணம் இருப்பதில் குற்றமில்லை, அதன்மேல் மனம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நோய் என்பது அவர் தீர்வு. வணிக நகரமான அலெக்சாந்திரியாவில் அது பலருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

எல்லோரும் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. எகிப்தில் அந்தோணி என்ற இளைஞர், 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இதே நிகழ்ச்சி மத்தேயு நற்செய்தியிலிருந்து வாசிக்கப்படுவதைக் கோயிலில் கேட்டார். பெற்றோர் விட்டுச்சென்ற ஏறக்குறைய இருநூறு ஏக்கர் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்தை நோக்கி நடந்தார். அவருடைய வரலாற்றை அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் எழுத, அது பேரரசு முழுவதும் பரவியது. ரோமாபுரியின் மாளிகைகளிலும் படித்தார்கள். இருநூறு ஏக்கர்காரர் ஒரே நாளில் எழுந்து போய்விடலாம். அரை டன் தங்கம் வருகிறவர் எப்படிப் போவது என்பதற்குத்தான் அந்த நூலில் வழி இல்லை.

மெலானியாவின் வீட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. அவர் பெயர் கொண்ட பாட்டி, கணவரையும் பிள்ளைகளில் இருவரையும் பறிகொடுத்துவிட்டு, ரோமை விட்டுப் போய் எருசலேமில் துறவு மடம் கட்டி வாழ்ந்தவர். பேத்தியை வீட்டார் பதினான்கு வயதில் மணமுடித்து வைத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பதினேழு. இல்லறம் வேண்டாம் என்றார் பெண். சொத்துக்கு வாரிசாக இரண்டு குழந்தைகள் பிறக்கட்டும், அப்புறம் உன் விருப்பம் என்றார் பினியானுஸ். முதலில் ஒரு பெண் பிறந்தாள். இரண்டாவது பேறு, புனித லாரன்ஸ் திருவிழா இரவு முழுவதும் மெலானியா முழந்தாளிட்டு விழித்திருந்ததற்கு மறுநாள் நேர்ந்தது. ஆண் குழந்தை, திருமுழுக்கு பெற்றதும் இறந்துபோனது. தாயும் பிழைப்பாரா என்ற நிலை. பினியானுஸ் லாரன்சின் கல்லறைக் கோயிலுக்கு ஓடி அழுதார். இனித் துறவு வாழ்க்கைதான் என்று வாக்குக் கொடுத்தால் நான் பிழைப்பேன் என்று மனைவி சொல்லி அனுப்ப, அவர் கொடுத்தார். கொஞ்ச நாளில் மகளும் போய்விட்டாள்.

அந்த லாரன்ஸ் யார் என்பது இங்கே முக்கியம். 258-இல் ரோமில் கொல்லப்பட்ட திருத்தொண்டர். திருச்சபையின் செல்வத்தை ஒப்படை என்று அதிகாரி கேட்டபோது, ஏழைகளைத் திரட்டி நிறுத்தி இவர்கள்தான் அது என்றார் என்பது ரோமக் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. செல்வத்தை ஏழையின் கையில் போட்டால் அது விண்ணகம் போய்ச் சேரும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கையின் மையம். ஆப்பிரிக்காவில் மறையுரை ஆற்றிய அகுஸ்தீன், ஏழைகள் நம்முடைய சுமைகூலிகள், நம் பொருளை மறுகரைக்குத் தூக்கிச் செல்கிறவர்கள் என்றே பேசினார். வீட்டுக்கு வாரிசில்லாத அந்த இரண்டு பேருக்கு, பிள்ளைகள் போன இடத்துக்கே பொருளையும் அனுப்பிவைக்கிற வழியாக அது தெரிந்திருந்தால் வியப்பில்லை. ஜெரோண்டியஸ் அப்படிச் சொல்லவில்லை. அவர் காட்டுகிற நிகழ்ச்சிகளின் வரிசை சொல்கிறது.

சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது. ரோமச் சட்டப்படி இருபத்தைந்து வயது ஆகாதவர்கள் தம் விருப்பப்படி சொத்தை விற்க முடியாது. பினியானுசின் சகோதரர் செவேருஸ், அண்ணன் தம்பிச் சொத்து கைவிட்டுப் போகிறதே என்று குறுக்கே நின்றார். அவர்தான் மடையர்களைத் தடுத்துக் காப்பாற்றுகிற பொறுப்பானவர் என்று ஊர் நினைத்திருக்கும். மெலானியா செரீனாவைப் பார்க்கப் போனதே இதற்காக. முரட்டுத் துணி உடுத்தி வந்த அந்தச் செல்வச் சீமாட்டியைக் கண்டு செரீனா உருகிப்போனார். அவருடைய பரிந்துரையால் ஹொனோரியஸ் ஓர் ஆணை பிறப்பித்தார்: அந்தந்த மாகாண ஆளுநர்களே இவர்களுடைய நிலங்களை விற்று, பணத்தை ஒப்படைக்க வேண்டும். ஏழைகளாவதற்கு அரச ஆணை வாங்க வேண்டியிருந்த தம்பதி உலக வரலாற்றில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அடுத்து அடிமைகள். ரோமைச் சுற்றியிருந்த பண்ணைகளின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். யாரோ முன்பின் தெரியாதவனுக்கு எங்களை விற்காதே, விற்பதென்றால் செவேருசுக்கே விற்றுவிடு என்பது அவர்கள் கேட்டது. இதே காலத்துத் துறவியர் வரலாறு எழுதிய பல்லாதியுஸ் ஒரு கணக்குத் தருகிறார்: விடுதலை விரும்பிய 8,000 பேரை மெலானியா விடுவித்தார், மற்றவர்கள் செவேருசிடமே இருக்க விரும்பியதால் தலைக்கு மூன்று காசுக்கு அவரிடம் போனார்கள். ஏன் விரும்பினார்கள் என்று பல்லாதியுஸ் விளக்கவில்லை. கையில் நிலமில்லாமல், கோத்தியப் படைகள் இத்தாலிக்குள் சுற்றித் திரிந்த காலத்தில், விடுதலைச் சீட்டு மட்டும் சோறு போடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதியவர்கள் எல்லோரும் புனிதையின் ஆன்மாவைப் பற்றியே எழுதினார்கள். அந்த மூன்று காசுக்காரர்களின் நம்பிக்கை என்னவாக இருந்தது என்பதை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. இந்த வரலாற்றில் மனத்தை உறுத்துகிற இடம் அதுதான்.

சீலியன் குன்று மாளிகை மட்டும் அப்போதும் விலைபோகவில்லை. ரோம் நகர ஆளுநர் பொம்பெயானுஸ் இவர்களுடைய சொத்தை அரசுக் கருவூலத்துக்குப் பறிமுதல் செய்யத் திட்டமிட்டார். அந்தச் சமயம் ரொட்டி கிடைக்காமல் கொதித்தெழுந்த கூட்டம் அவரைத் தெருவில் இழுத்துக் கொன்றுவிட்டது. இதில் கடவுளின் கையைப் பார்க்கிறார் ஜெரோண்டியஸ். கோத்தியத் தலைவர் அலாரிக்கின் முற்றுகையால் பட்டினி கிடந்த ஊர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 410 ஆகஸ்டில் அலாரிக்கின் படை நகருக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. பேரரசரின் மாமியாரே வாங்க முடியாத வீடு எரிந்து, அடிமாட்டு விலைக்குப் போனது. இன்று அந்தக் குன்றில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. இவர்களுடைய வலேரி குடும்பத்தின் வீடு அதன் அடியில்தான் இருந்தது என்று அகழாய்வாளர்கள் சொல்கிறார்கள்.

விற்காமல் வைத்துக்கொண்டிருந்த செல்வர்களின் வீடுகளும் எரிந்தன. முன்னமே கொடுத்துவிட்டவர்கள்தான் பிழைத்தார்கள் என்று ஜெரோண்டியஸ் ஒரு குத்துக் குத்தாமல் விடவில்லை.

தம்பதி அதற்குள் மெலானியாவின் தாய் அல்பினாவோடு ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்திருந்தார்கள். அங்கே ஆயர்கள் அகுஸ்தீன், அலிப்பியுஸ், அவுரேலியுஸ் மூவரும் நடைமுறை தெரிந்த ஓர் ஆலோசனை சொன்னார்கள். மடங்களுக்கு நீங்கள் அள்ளிக் கொடுக்கிற காசு சீக்கிரம் கரைந்துவிடும். ஒவ்வொரு மடத்துக்கும் ஒரு வீடும் நிலையான வருமானமும் எழுதி வையுங்கள். அப்படியே செய்தார்கள். அலிப்பியுஸ் ஆயராக இருந்த தகாஸ்தே என்ற சிற்றூருக்கு அவர்கள் கொடுத்த பண்ணை, ஊரைவிடப் பெரியது. பொன், வெள்ளி, செம்பு வேலைசெய்யும் கம்மியர்கள் அதில் குடியிருந்தார்கள். அங்கே எண்பது ஆண்களுக்கும் நூற்று முப்பது பெண்களுக்கும் இரண்டு மடங்கள் எழுந்தன.

பக்கத்து ஊருக்கு இது பொறுக்குமா? 411-இல் இவர்கள் அகுஸ்தீனின் ஹிப்போவுக்கு வந்தபோது, கோயிலுக்குள் கூட்டம் கூச்சலிட்டது: பினியானுசுக்கு இங்கேயே குருப்பட்டம் கொடு! அகுஸ்தீன் மறுத்தார், கூட்டம் மிரட்டியது, பினியானுஸ் ஹிப்போவை விட்டுப் போக மாட்டேன், குருவானால் இங்கேதான் ஆவேன் என்று சத்தியம் செய்து தப்பினார். உங்கள் மக்களுக்கு என் மருமகனின் பணத்தின் மேல்தான் கண் என்று அல்பினா கோபப்பட்டார். அகுஸ்தீன் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பணத்தாசை இல்லை, பணத்தைத் துறந்தவரின் மேல் வந்த அன்புதான் காரணம் என்று அவர் தம் மந்தைக்காக வாதாடுகிறார். அந்த வாதத்தில் அவருக்கே முழுத் திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆயர் இவ்வளவு சங்கடப்பட்டு எழுதிய கடிதங்கள் அரிது.

417 வாக்கில் எருசலேம். கையிருப்பு தீர்ந்துபோய், திருச்சபை சோறு போடும் ஏழைகளின் பட்டியலில் இருவரும் தங்கள் பெயரைப் பதிய நினைத்தார்கள் என்று மெலானியாவே சொல்லக் கேட்டதாக ஜெரோண்டியஸ் எழுதுகிறார். படையெடுப்பால் முடங்கிக் கிடந்த ஸ்பெயின் நிலத்தில் கொஞ்சம் விற்று வந்த பணத்தோடு எகிப்தின் துறவிகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். அங்கே ஹெபெஸ்தியோன் என்ற முதியவர் ஒரு காசும் வாங்க மறுத்தார். அவர் அறையில் இருந்தது ஒரு பாய், கொஞ்சம் காய்ந்த ரொட்டி, ஒரு கூடை உப்பு. மெலானியா யாருக்கும் தெரியாமல் உப்புக்குள் பொன்னைப் புதைத்து வைத்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார். கிழவர் கண்டுபிடித்து, ஆற்றைக் கடந்துகொண்டிருந்தவர்களை ஓடிவந்து பிடித்தார். ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றார்கள். இந்தப் பாலையில் ஏழைக்கு எங்கே போவேன் என்று கேட்டார். திரும்ப வாங்க இவர்கள் சம்மதிக்காததால் பொன்னை ஆற்றில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

பினியானுஸ் முதலில் இறந்தார். மெலானியா ஒலிவ மலையில் மடம் கட்டி, 439 டிசம்பர் 31 அன்று கண்மூடினார். அவருடைய விழா அந்த நாளில்தான் வருகிறது. ஜெரோண்டியஸ் எழுதிய வரலாற்றின் லத்தீன் வடிவத்தையும் கிரேக்க வடிவத்தையும் கர்தினால் ராம்பொல்லா 1905-இல் சேர்த்து அச்சிட்ட பிறகே இந்தக் கதை விரிவாகத் தெரியவந்தது.

ஹெபெஸ்தியோனைப்போல் ஆற்றில் எறிந்தவர்கள் குறைவு. அகுஸ்தீன் சொன்னபடி நிலமாக எழுதி வைத்தவர்கள் ஏராளம். தன் ஆன்மாவின் மீட்புக்காக என்று எழுதப்பட்ட கொடைப் பத்திரங்கள் ஐரோப்பாவில் நூற்றாண்டு நூற்றாண்டாகக் குவிந்தன. ஒன்றும் வேண்டாதவர்களின் மடங்கள் பெரும் நிலவுடைமையாளர்கள் ஆயின. 13-ஆம் நூற்றாண்டில் அசிசியின் பிரான்சிஸ் மறுபடி வெறுங்கையில் தொடங்கினார். அவர் இறந்தபின், அவருடைய துறவிகள் உண்ணும் சோறும் உடுத்தும் துணியும் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்தது. சொத்து திருத்தந்தைக்கு, பயன்பாடு மட்டும் துறவிகளுக்கு என்று 1279-இல் மூன்றாம் நிக்கோலஸ் ஓர் ஏற்பாடு செய்தார். அந்த உடைமைப் பொறுப்பு தமக்கு வேண்டாம் என்று 1322-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் உதறினார். மறு ஆண்டு நவம்பரில், கிறிஸ்துவும் அவருடைய சீடர்களும் எந்தப் பொருளுக்கும் உடைமையாளர்களாக இருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வது திருச்சபைக்கு எதிரான கொள்கை என்று அறிவித்தார். பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் செசேனாவின் மைக்கேல் அதை ஏற்க மறுத்து, 1328-இல் திருத்தந்தை இருந்த அவிஞோனிலிருந்து தப்பி ஓடினார்.