பி. யு. சின்னப்பா: இளமையும் கலை வாழ்வும்

பி. யு. சின்னப்பா (மே 5, 1916 – செப்டம்பர் 23, 1951) தமிழ்த் திரைப்பட நடிகர், பாடகர், நாடகக் கலைஞர். எம். கே. தியாகராஜ பாகவதரோடு 1940-களின் தமிழ்த் திரையுலகில் முதலிடத்தில் இருந்தவர். சொந்தக் குரலில் பாடி நடித்ததோடு, வாள்வீச்சும் சண்டையும் நிறைந்த வேடங்களிலும் சிறந்து விளங்கினார்.

பிறப்பும் இளமையும்

சின்னப்பா புதுக்கோட்டையில் உலகநாத பிள்ளை, மீனாட்சி தம்பதியருக்குப் பிறந்தார். இயற்பெயர் சின்னசாமி. தந்தையும் நாடக நடிகர் என்பதால் பாட்டும் மேடையும் வீட்டிலேயே அறிமுகமாயின. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது.

பாய்ஸ் கம்பெனி

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னர் இத்தகைய 'பாய்ஸ் கம்பெனிகள்' பல தோன்றின. சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, பாட்டு, வசனம், நடிப்பு ஆகியவற்றை வாத்தியாரிடம் பயின்றனர். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர்.

சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். அவருடைய பாட்டுத் திறனைக் கண்ட கம்பெனியார் சம்பளத்தை 75 ரூபாயாக உயர்த்தி, கதாநாயகனுக்குரிய ராஜபார்ட் வேடங்களை அளித்தனர். எம். ஜி. ஆரும் அக்கம்பெனியில் அவருடன் நடித்தவர்.

குரல் மாற்றம்

பதின்வயதில் குரல் உடைவது இயற்கை. பாட்டை நம்பியிருந்த சிறுவனுக்கோ அது பிழைப்பே பறிபோகும் காலம். பலருடைய நாடக வாழ்க்கை அத்தோடு முடிந்திருக்கிறது. குரல் மாறியபின் கம்பெனியை விட்டு வெளியேறிய சின்னப்பா, அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். முறையாகக் கர்நாடக இசை கற்றார். சிலம்பம், பளுதூக்குதல் ஆகியவற்றிலும் தேர்ந்தார். பின்னாளில் அவரைத் தனித்துக் காட்டிய உடல்வாகும் சண்டைத் திறனும் இக்காலத்தில் பெற்றவை.

திரையுலகில்

ஜூபிடர் நிறுவனத்தின் 'சந்திரகாந்தா' (1936) அவருடைய முதல் படம். தொடர்ந்து 'மாத்ருபூமி' (1939) உள்ளிட்ட சில படங்களில் நடித்தும் நிலையான இடம் கிடைக்கவில்லை.

திருப்புமுனையாக அமைந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் தயாரித்த 'உத்தம புத்திரன்' (1940). கொடுங்கோல் இளவரசன், எளியோரிடம் வளர்ந்த அவனுடைய இரட்டைச் சகோதரன் ஆகிய இரு வேடங்களையும் சின்னப்பாவே ஏற்றார். தமிழ்த் திரையில் இதுவே முதல் இரட்டை வேடமாகக் கருதப்படுகிறது. ஒரே முகத்தை நடை, பார்வை, பேச்சு ஆகியவற்றால் இருவராகக் காட்ட, பல வேடங்கள் கட்டிய மேடை அனுபவம் கைகொடுத்தது.

பின்னர் 'ஆர்யமாலா'வில் (1941) காத்தவராயனாகவும், 'கண்ணகி'யில் (1942) கண்ணாம்பாவுக்கு இணையாகக் கோவலனாகவும் நடித்தார். 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களுமாக ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள் தோன்றியது ரசிகர்களை வியக்க வைத்தது. 'மங்கையர்க்கரசி'யில் (1949) மூன்று வேடங்கள் ஏற்றார்.

'பிருதிவிராஜன்' (1942) படத்தில் உடன் நடித்த ஏ. சகுந்தலாவை அவர் மணந்தார்.

மறைவு

1951 செப்டம்பர் 23 அன்று புதுக்கோட்டையில் திடீரெனக் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. 'சுதர்சன்' அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது.

மதிப்பீடு

பின்னணிப் பாடல் முறை வேரூன்றாத அக்காலத்தில் கதாநாயகனுக்கு முதல் தகுதி பாட்டே. அதனால் நடிப்பு இரண்டாம் இடத்துக்குப் போவதும் உண்டு. பாட்டு, வசனம், உடற்பயிற்சி மூன்றையும் சமமாகப் பேணிய சின்னப்பா, பாடகர் காலத்துக்கும் பின்வந்த நடிகர் காலத்துக்கும் பாலமாக நிற்கிறார். ஏட்டுக் கல்வி வாய்க்காத அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது நாடகக் கம்பெனி. அங்கு கற்றது போதாது என்று உணர்ந்த வயதில் மீண்டும் மாணவரானதே அவருடைய உயர்வுக்கு அடிப்படை.