டிப்தீரியா என்னும் பதம்

வைத்திய நூற் பதங்களுள், கற்றோரும் பலவாறு உச்சரிப்பது டிப்தீரியா என்பது. "டிப்" என்று தொடங்குவதே எங்கும் கேட்கும் வழக்கம். ஆங்கில அகராதிகள் முதலிற் கூறுவதோ "டிஃப்-தீர்-இ-யா" என்னும் நாலசை உச்சரிப்பாம். அழுத்தம் இரண்டாம் அசைமேல் விழும். ஆயினும் "டிப்" என்பாரை நகைக்க நமக்கு நியாயமில்லை. பண்டைக் கிரேக்கர் அவ்வெழுத்தை ஃபகரமாக ஒலித்திலர். வடமொழி வர்க்கங்களின் இரண்டாம் எழுத்தைப் போல மூச்சோடு கூடிய பகரமாகவே ஒலித்தனர். ஃபகரம் பிற்காலத்து வந்தது.

நிற்க. இப்பதத்தைப் பிரிக்கப் புகும் மாணாக்கர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. "டி" என்பது கிரேக்கத்தில் இரண்டெனப் பொருள்படும். ஈருயிரொலியைக் குறிக்கும் டிப்தாங் என்னும் இலக்கணச் சொல்லில் உள்ளது அதுவே. அதனைக் கண்டு இங்கும் இரண்டெனக் கொள்வது பெரும்பிழை. இங்குப் பகுதி "டிப்தெரா". பதனிட்ட தோல் என்பது பொருள். அயோனியர் எழுதும் ஏட்டையும் இச்சொல்லால் வழங்கினர் என்று ஹெரதோத்தஸ் எழுதியுள்ளார்.

நோய்க்குத் தோலின் பெயர் வருவானேன்? நோயுற்ற குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறமான தடித்த சவ்வு படரும். பெயர்க்க முயன்றால் இரத்தம் கசியும். அது மூச்சுக்குழலை அடைத்தால் உயிர் போம். பிரான்சு தேசத்துத் தூர் நகர வைத்தியர் பிரெத்தோனோ, 1825இல் இத்தகைய சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலைக் கீறி அவளைப் பிழைப்பித்தார். 1826இல் வெளியிட்ட தம் நூலில் நோயை "டிப்தெரிட்" என்றழைத்தார்.

அப்பெயரின் ஈறு அழற்சியைக் குறிப்பது. பின்னர்ப் பிரெஞ்சு வைத்தியர் அதனை நீக்கி, நோய்நிலையைப் பொதுவிற் குறிக்கும் "இயா" விகுதியின் பிரெஞ்சு வடிவத்தை அமைத்தனர். விகுதி ஒன்று மாறியதில் என்ன உண்டெனின், மிகவுண்டு. "அழற்சி" என்றால் கேடு தொண்டையோடு நின்றதாகத் தோன்றும். 1884இல் லெஃப்ளர் இந்நோய்க் கிருமியைப் பிரித்து வளர்த்தார். 1888இல் ரூவும் எர்சினும், அக்கிருமி தொண்டையில் இருந்தவாறே நஞ்சைச் சுரந்து உடலெங்கும் பரப்புவதைக் காட்டினர். சவ்வு நீங்கிய பின்னரும் இருதயம் தளர்ந்து இறப்பதுண்டு. அதனாலேயே தொண்டை தெளிந்த குழந்தையையும் வைத்தியர் எழுந்து விளையாட விடார். 1890இல் பேரிங்கும் கித்தசாதோவும் கண்ட மாற்றுமருந்தும் இரத்தத்திலுள்ள நஞ்சையே முறிப்பது. திசுக்களைப் பற்றிவிட்ட நஞ்சை அது முறிக்கமாட்டாது. ஆதலின் காலந்தாழ்த்தலாகாது.

தமிழில் இந்நோய்க்குத் தொண்டை அடைப்பான் என்று பெயர். கிரேக்கப் பெயர் வைத்தியன் விளக்கேந்திக் கண்டதைச் சொல்லும். நம் பெயரோ, மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய் கண்டதை.